கானாவூர்க் கல்யாணத்தில் இரண்டு நாய்கள்

1

ஒரு ஜன்னலுக்கு முதலாம் ஆண்டு விழா எடுத்த ஊரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். எங்கள் ஊரில் எடுத்தார்கள். அரியலூரிலிருந்து ரெட்டிபாளையம் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, சிமெண்ட் ஆலையின் புகைக்கூண்டு தெரியத் தொடங்கியதும் இறங்கி நடக்க வேண்டிய ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் சண்டைக்கு வருவார்கள். சொல்லாவிட்டாலும் வருவார்கள், கொஞ்சம் தாமதமாக வருவார்கள், அவ்வளவுதான்.

விழா பேனரின் படம் வாட்ஸப்பில் வந்தபோது நான் ஜெர்மனியில், வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில், ஒரு பெரியவருக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தேன். பேனரில் எங்கள் ஊர் நாட்டாமை மரியசூசை கைகூப்பி நின்றார். அவருக்குப் பின்னால் அந்த ஜன்னல். மேலே ஒரு மூலையில், பாஸ்போர்ட் அளவில், இயேசு. ‘ஜெர்மன் கண்ணாடி முதலாம் ஆண்டு விழா, அனைவரும் வருக’ என்று எழுதியிருந்தது. கூடவே நாட்டாமையின் குரலில் ஒரு செய்தி.

“சிஸ்டர், நீங்க கண்டிப்பா வரணும். நீங்க இல்லாம விழாவே இல்ல.”

சிஸ்டர் என்றால் நர்ஸ். இதே மரியசூசை என்னைப் பல வருஷம் “ஏ லாசரு மவளே” என்றுதான் கூப்பிட்டார். லாசர் என் அப்பா. இந்தக் குறிப்புகளில் வரி, சுங்கம், கல்யாணம், நாய் எல்லாம் வரும். ஆனால் விஷயம் என்னவோ அந்தப் பெயர்தான். அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2

எங்கள் ஊரில் எல்லோரும் கத்தோலிக்கர்கள். சண்டை போட வேற்று மதத்துக்காரர் கிடைக்காததால், இருப்பதை வைத்துச் சமாளித்துக்கொண்டோம். கோயிலைச் சுற்றிப் பெரிய தெரு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எங்கள் காலனி. ஞானஸ்நானத் தண்ணீர் இரண்டு தெருவுக்கும் ஒன்று. குடிதண்ணீர்க் குழாய் வேறு வேறு.

வருஷத்துக்கு ஒரு தடவை செபஸ்தியார் திருவிழா வரும். அதற்குத் தலைக்கட்டு வரி உண்டு. குடும்பத்துக்கு இவ்வளவு என்று நாட்டாமை ஆட்கள் வீடு வீடாக வந்து வாங்குவார்கள். வரி கேட்டு வருகிறவர்களைக் கண்டால் ஜனங்கள் கதவைச் சாத்துவதுதான் உலக வழக்கம். எங்கள் காலனியில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்போம், ஒருவரும் வரமாட்டார்கள். வரி வாங்கினால் திருவிழாவில் பங்கு கொடுக்க வேண்டும். பங்கு கொடுத்தால் தேர் வாய்க்காலைத் தாண்டிக் காலனிக்குள் வர வேண்டும். அதனால் எங்களிடம் வரி வாங்குவதில்லை.

அப்பாவுக்குச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை. கொடியேற்றத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வரிப்பணத்தை வைத்து எடுத்துக்கொண்டு நாட்டாமை வீட்டுக்குப் போவார். வருஷா வருஷம் போவார். மரியசூசை வாசலுக்கு வந்து ரொம்ப அன்பாகப் பேசுவார்.

“எதுக்கு லாசரு ஒனக்கு இந்தச் செரமம்? புள்ளையப் படிக்க வையி. செபஸ்தியாரு ஒன்னுட்ட வரி கேட்டாரா?”

“கேக்கலதாங்க. நாங்களா குடுக்குறோங்க.”

“இருக்கட்டும், இருக்கட்டும். மனசு இருந்தாப் போதும்.”

மனசை வாங்கிக்கொண்டு பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஒரு மனுஷனை இத்தனை மரியாதையாக வாசலோடு விரட்டும் கலையை அதன் பிறகு எந்த விசா ஆபீசிலும் நான் பார்த்ததில்லை. அவர்கள் பாவம், முத்திரை குத்தித்தான் விரட்டத் தெரிந்தவர்கள்.

அப்பாவின் நெஞ்சில் கல்தூசி படிந்தது. இருமி இருமியே ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். தாம்பாளம் பரணில் ஏறியது.

சில வருஷம் கழித்துப் பழைய கோயிலை இடித்துவிட்டுப் புதுக் கோயில் கட்ட ஆரம்பித்தார்கள். கதவுக்கு அரும்பாவூர்த் தச்சர்கள். ஜன்னல்களுக்கெல்லாம் வண்ணக் கண்ணாடி. ஒரு ஜன்னல் ஒரு குடும்பத்தின் உபயம், கீழே பெயர் எழுதப்படும் என்று பூசையில் அறிவித்தார்கள். டியூப் லைட்டில் வெளிச்சத்தை மறைத்துப் பெயர் எழுதிப் பழகிய கைகளுக்கு இப்போது சூரியனே கிடைத்துவிட்டது.

அம்மா அன்றைக்கே போன் செய்தாள். அவளுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

“பாப்பா, ஒரு ஜன்னலு நம்ம போடணும். கீழ ஒங்கப்பன் பேரு வரணும். வேற ஒண்ணும் வாண்டாம் எனக்கு.”

நான் சரி என்றேன். அம்மா பரணிலிருந்து தாம்பாளத்தை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்து எடுத்துக்கொண்டு போனாள். மரியசூசை அதே வாசலில், அதே அன்போடு நின்றார்.

“ஜன்னலு எல்லாம் புக் ஆயிடுச்சேம்மா. சாமான் ரூமு ஜன்னலு ஒண்ணு கெடக்கு. அதுக்குக் கண்ணாடி கெடையாது, கொசுவலதான். வேணும்னா கொசுவலைய உபயம் பண்ணேன்.”

அம்மா இதை போனில் சொல்லும்போது அழுதுவிட்டாள். அப்பா செத்த அன்றுகூட அவள் இப்படி அழவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இன்னும் இருக்கிறது.

3

இந்த இடத்தில் வேறு ஒரு வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் ஜெர்மனிக்கு வந்த புதிதில், அப்பா உயிரோடு இருந்த காலம், நகராட்சி ஆபீசில் விலாசம் பதியப் போனேன். படிவத்தில் பெயர், பிறந்த ஊர், திருமணமானவரா என்பதற்கெல்லாம் கீழே ‘மதம்’ என்று ஒரு கட்டம். கத்தோலிக்கம் என்று எழுதினேன். மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் பேனாவை வைத்துவிட்டு என்னை இரக்கத்தோடு பார்த்தாள். இதை எழுதினால் சம்பளத்தில் கோயில் வரி பிடிப்பார்கள், எழுதாவிட்டால் பிடிக்க மாட்டார்கள், நன்றாக யோசித்துக்கொள் என்று கையையும் சேர்த்து ஆட்டி விளக்கினாள்.

வரியா? கோயிலுக்கா? என்னிடமா? வாங்கிக்கொள்வீர்களா? எனக்கு அப்போது தெரிந்த ஜெர்மன் கொஞ்சம். அதில் நன்றி என்ற ஒரு சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். வரி போட்டதற்கு நன்றி சொன்ன வெளிநாட்டுக்காரியை அந்த அம்மாள் அதற்கு முன்பு பார்த்திருக்க மாட்டாள்.

முதல் சம்பளச் சீட்டை நகல் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் அதைக் காலனி முழுக்கக் காட்டினாராம். “எம்மவகிட்ட வெள்ளக்காரன் கோயில் வரி வாங்குறான்” என்று. பிறகு போனில் மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்.

“அப்ப அங்க தேரு ஒன் வூட்டு வாசலுக்கு வருமா பாப்பா?”

“இங்க தேரே கெடையாதுப்பா.”

“அட, வரிய வாங்கிக்கிட்டுத் தேரு இல்லையா?” என்று கேட்டுவிட்டு, இருமல் வரும்வரை சிரித்தார்.

வரி கட்டிய தைரியத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் முன்வரிசையில் உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை புரியவில்லை. சமாதான வாழ்த்துச் சொல்லும் நேரத்தில், எங்கள் இல்லத்துச் சாப்பாட்டு அறையில் கற்ற வாக்கியத்தைச் சொல்லி, பக்கத்தில் இருப்பவர்களிடம் “நன்றாகச் சாப்பிடுங்கள்” என்று பல வாரம் கைகுலுக்கியிருக்கிறேன். ஒருவரும் திருத்தவில்லை. சிலர் “நீங்களும்” என்றார்கள்.

அப்போது எனக்குத் துணை அந்தக் கோயிலின் கண்ணாடி ஜன்னல்கள்தான். எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்களுக்காக அந்தக் காலத்தில் வேதக் கதைகளைக் கண்ணாடியில் வரைந்து வைத்தார்கள் என்று பிற்பாடு சொன்னார்கள். நர்சிங் சர்டிபிகேட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எழுத்தறிவில்லாதவளாக உட்கார்ந்திருந்த எனக்கு அவை சரியாகப் பொருந்தின.

கொஞ்ச நாளில் படிக்கப் பழகிவிட்டேன். சாவி வைத்திருந்தால் பேதுரு. லில்லிப் பூவும் குழந்தையும் இருந்தால் அந்தோணியார். கொடி பிடித்த ஆட்டுக்குட்டி இயேசு. முக்கோணத்துக்குள் ஒற்றைக் கண் இருந்தால் கடவுள். நம் பக்கத்தில் புது வீட்டுக்கு முன்னால் கட்டும் திருஷ்டிப் படத்தைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது புரியச் சிரமமே இல்லை. ஒரு ஜன்னலில் கூழைக்கடா இருந்தது. அது தன் நெஞ்சைக் கொத்தி ரத்தத்தால் குஞ்சுகளை வளர்க்குமாம், ஆகவே அதுவும் இயேசுவாம். அம்மாவிடம் சொன்னேன்.

“யாருடி சொன்னது? கரைவெட்டி ஏரியில வந்து பாக்கச் சொல்லு. நெஞ்சயா கொத்துது? ஏரி மீன ஒண்ணு விடாம முழுங்குது” என்றாள்.

கொல்லப்பட்ட புனிதர்களை அடையாளம் காண்பதற்குத்தான் ஒரு சுலபமான விதி இருந்தது. எது அவர்களைக் கொன்றதோ அதைக் கையில் பிடித்திருப்பார்கள். லாரன்சுக்கு அவரை வைத்து வறுத்த இரும்புக் கம்பித் தட்டு. கேத்தரினுக்குச் சக்கரம். பர்த்தலமேயுவுக்குத் தோலை உரித்த கத்தி. லூசியாளின் கண்களைப் பிடுங்கினார்களாம், அவள் அவற்றை ஒரு தட்டில் ஏந்தி நிற்பாள். என் மகள் ஷரோன் குழந்தையாக இருந்தபோது அதை முட்டை என்று நினைத்தாள். லாரன்சை கிரில் போடுகிற அங்கிள் என்றாள். கோடையில் ஊரே தோட்டத்தில் இறைச்சி வாட்டும் நாட்டில் பிறந்த குழந்தை வேறு என்ன சொல்லும்?

இந்த விதிப்படி பார்த்தால் என் அப்பாவின் கையில் ஒரு சிமெண்ட் மூட்டையைக் கொடுக்க வேண்டும் என்று அடிக்கடி நினைப்பேன்.

4

அம்மாவிடம் கொசுவலையை உபயம் பண்ணச் சொன்ன அதே வருஷம், இங்கே ஜெர்மனியில் எங்கள் பங்கில், அதாவது ஒரே சாமியாரின் பொறுப்பில் இருந்த வட்டாரத்தில், ஒரு கோயிலை மூடினார்கள். ஆள் வரவில்லை. வரி மிச்சம் என்று ஒவ்வொருவராக நகராட்சி ஆபீசுக்குப் போய், கையெழுத்துப் போட்டு, திருச்சபையிலிருந்து விலகிவிட்டார்கள். கட்டடத்தை ஒரு விளையாட்டு நிறுவனம் வாங்கியது. சுவரில் கயிறு கட்டி ஏறப் பழகும் கூடம் ஆகப்போகிறதாம். மேலே போகும் ஆசை மட்டும் அந்தக் கட்டடத்தில் மிச்சம்.

ஜன்னல்களை என்ன செய்வது என்று பங்குப் பேரவை கூடியது. பேரவையில் அறுபது வயதுக்குக் கீழே நான் ஒருத்திதான். தலைவி ஹெல்கா அம்மாள், ஏழை நாட்டு ஆலயம் ஏதாவது இருந்தால் ஒன்றைக் கொடுக்கலாம் என்றாள். நான் கையைத் தூக்கினேன். எது வேண்டும் என்று கேட்டாள். மாதா படம் அழகாக இருக்கிறதே, அதை எடுத்துக்கொள் என்றாள்.

“வேண்டாம். நாய் இருக்கிற அந்த ஜன்னல்.”

அந்த ஜன்னலைச் சொல்கிறேன். நிலைக்கதவு உயரம். மேல் பாதியில் நீண்ட மேஜை, வெள்ளித் தட்டுகள், மதுச் சாடிகள், யாழ் மீட்டுகிறவன், பூச்சூடிய பெண்கள். நடுவில் ஊதாப் பட்டு உடுத்திய பெரிய மனுஷர். கீழே வலது மூலையில் வாசற்படி. படியில் எலும்பும் தோலுமாக ஒருவன் கிடக்கிறான். உடம்பெல்லாம் புண். இரண்டு நாய்கள் புண்ணை நக்குகின்றன.

வேதத்தில் இயேசு சொன்ன கதை இது. பணக்காரன் தினமும் விருந்து சாப்பிடுவான். மேஜையிலிருந்து விழும் துணுக்குக்காக ஏழை வாசலில் கிடப்பான். இருவரும் சாவார்கள். ஏழை மோட்சத்துக்குப் போவான், பணக்காரன் நெருப்புக்குப் போவான். இயேசு இதில் ஏழைக்கு மட்டும் பெயர் வைத்தார். பணக்காரனுக்குப் பெயர் கிடையாது. வரைந்தவரும் வேதத்தை ஒழுங்காகப் படித்தவர் போலிருக்கிறது. பணக்காரர் காலடியில் வெறும் வெள்ளைக் கண்ணாடிப் பட்டை. ஏழையின் காலடியில் பழைய ஜெர்மன் எழுத்தில், ஜாங்கிரி பிழிந்த மாதிரி, அவன் பெயர் கண்ணாடியோடு கண்ணாடியாகச் சுட்டு எழுதப்பட்டிருந்தது.

லாசர்.

கதையின் மறுபாதி, பணக்காரன் நெருப்பில் நின்று தண்ணீர் கேட்பது, அடுத்த ஜன்னலில் இருந்தது. அதை நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே பார்சலில் அனுப்பிவிட முடியுமா?

5

எங்கள் ஊர்ப் பங்குச் சாமியாருக்கு போன் செய்தேன். ஜெர்மன் பங்கு மக்கள் ஒரு கண்ணாடி ஜன்னலை அன்பளிப்பாகத் தருகிறார்கள் என்று மட்டும் சொன்னேன். உபயம் என்று என் பெயரையும் சொல்லவில்லை, அப்பா பெயரையும் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே நாட்டாமை கூப்பிட்டார்.

“சிஸ்டர், நல்லாருக்கீங்களா? நம்ம ஊரு புள்ள அங்க இருக்குறது எவ்வளவு பெரும!”

“ஜன்னலெல்லாம் புக் ஆயிடுச்சுன்னு அம்மா சொன்னாங்களே.”

“அது சும்மா ஸ்டிக்கர் சிஸ்டர். பிச்சிப்புடலாம்.”

உண்மைதான். வண்ணக் கண்ணாடி என்று பேர், எல்லாம் பெரம்பலூர் டவுனில் ஸ்டிக்கர் கடை ஒன்றில் அடித்தது. டிப்பர் லாரிக்கும் காலேஜ் பஸ்ஸுக்கும் ஒட்டுகிற அதே கடை. முதல் சித்திரை வெயிலிலேயே சவேரியார் மூக்கு சுருண்டுவிட்டது, செபஸ்தியார் உடம்பில் அம்பு இல்லாத இடத்திலும் கொப்புளம். பீடத்தை ஒட்டிய கிழக்கு ஜன்னல், காலை வெயில் நேராக விழும் இடம், நாட்டாமை குடும்பத்துக்கென்று வைத்திருந்தது. அதைத்தான் காலி செய்தார்கள். காலனிக் கையால் வந்திருந்தால் கொசுவலை. வெள்ளைக்காரன் கையால் வந்ததும் கிழக்கு.

பெட்டி போன கதை பெரிய கதை. இங்கே ஓர் ஆபீசில் இது பழம்பொருளா என்று கேட்டார்கள். பழசுதான், பொருள் இல்லை என்று நான் என் ஜெர்மனில் சொன்னதை ஓர் அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டு முத்திரை குத்தினார். அங்கே துறைமுகத்தில் இது சாமி படமா, ஜன்னலா, பழைய ஈயமா என்று ஒரு வாரம் யோசித்தார்கள். கடைசியில் ஜன்னல் என்று தீர்மானித்து, வீடு எங்கே என்று கேட்டார்களாம். துறைமுகத்திலிருந்து லாரி வைத்துக் கொண்டுவந்ததும் மரச்சட்டம் போட்டதும் நாட்டாமை செலவு. ஆகவே உபயம் அவருடையது ஆயிற்று. பணக்காரர் காலடியில் இருந்த வெள்ளைப் பட்டை அவருக்கென்றே விட்டு வைத்தது போல இருந்திருக்கிறது. பெயிண்டர் வந்து எழுதினார்: ‘உபயம்: பெரிய தெரு நாட்டாமை மரியசூசை’.

படத்துக்கு விளக்கமும் அவரே சொல்லிவிட்டார். அம்மா போனில் நடித்துக் காட்டினாள்.

“இது கானாவூர்க் கல்யாணமாம்டி. இயேசு சாமி தண்ணிய ரசமாக்குன கல்யாணம். அந்தச் சாடிதான் அடையாளமாம். ஊதாத் துணி உடுத்தியிருக்கவரு பிஷப்பாம், கல்யாணத்த மந்திரிக்க வந்துருக்காராம்.”

“நாயி?”

“கல்யாண வூடுன்னா நாயி வராதாங்குறாரு.”

“படியில கெடக்குற ஆளு?”

அம்மாவின் நடிப்பு அங்கே நின்றது. “எச்செல வாரிப்போட வந்தவனாம்” என்றாள். “கீழ இருக்குறது கண்ணாடிக் கம்பெனி பேராம்.”

“அம்மா, அது கம்பெனி பேரு இல்ல, நம்ம அப்பா...” என்று ஆரம்பித்தேன். சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்தது. பிறகு அம்மா சிரித்தாள். சிரிப்பில் பாதி அழுகை. எனக்கும் அப்படித்தான்.

சாமியாருக்குத் தெரியாமல் இருக்குமா? அவர் தனியாகக் கூப்பிட்டார்.

“கானாவூர்ல நாய் இருந்ததா வேதத்துல இல்லையேம்மா.”

“இல்லதான் ஃபாதர்.”

“அந்த எழுத்தையும் படிச்சுட்டேன்.”

சாமியார் பெருமூச்சு விட்டார்.

“எனக்கு மே மாசம் மாற்றல் வருது. அது வரைக்கும் கானாவூராவே இருக்கட்டும்.”

6

விழாவுக்கு நான் போக நினைக்கவில்லை. ஷரோன்தான் போகலாம் என்றாள். அவளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. முடிந்த அடுத்த மாதமே நகராட்சி ஆபீசில் நேரம் வாங்கி, திருச்சபையிலிருந்து விலகிவிட்டு வந்து சொன்னாள்.

“நான் நம்பல அம்மா. நம்பாம வரி கட்டினா பொய்.”

தாம்பாளம் ஏந்தி என் அப்பா வருஷா வருஷம் நாட்டாமை வாசலில் கெஞ்சிய வரியை, அவர் பேத்தி ஒரே கையெழுத்தில் உதறிவிட்டாள். திட்டலாம் என்றால் அவள் சொன்னதில் பொய்யும் இல்லை. அந்த வாரம் முழுக்க அவளோடு சரியாகப் பேசவில்லை. விமானத்தில்தான் மறுபடி பேசினோம். கதையை முழுக்கச் சொன்னேன். தாத்தா, தாம்பாளம், கொசுவலை, கானாவூர். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டாள்.

விழா அன்று பூசை முடிந்தது. வெயில் ஏறியிருந்தது. கிழக்கு ஜன்னல் வழியாக வெளிச்சம் வந்தது. அப்பா பெயர் அந்தக் கோயிலுக்குள் சிவப்பாக எரிவதை முதல்முறையாகப் பார்த்தேன். காலனி ஜனங்கள் வரிசையாக வந்து படியில் கிடந்தவனின் காலைத் தொட்டு, விரலை முத்தமிட்டுக்கொண்டு போனார்கள். அம்மா எல்லோருக்கும் சொல்லியிருந்தாள். அத்தனை பேருக்கும் தெரிந்த ரகசியம் வாய்க்காலைத் தாண்டவில்லை என்பதில் ஆச்சரியம் இல்லை. எங்கள் பக்கத்துப் பேச்சை யார் கேட்டார்கள்?

நாட்டாமைக்கு ஒரே பூரிப்பு. கையில் மைக்.

“பாத்தீங்களா சிஸ்டர், ஒங்க தெரு ஜனம் நம்ம கண்ணாடியத் தொடாமப் போறதில்ல. என்னா பக்தி!” பிறகு ஷரோன் பக்கம் திரும்பினார். “பாப்பா, நீ ஜெர்மன்ல படிச்ச புள்ள. கீழ இருக்குற கம்பெனி பேரப் படிச்சுச் சொல்லு, எல்லாருக்கும் தெரியட்டும்.”

மைக்கை அவள் வாய்க்கு நேராக நீட்டினார். அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். அவள் நகம் பதிந்தது. தெரிந்தால் நாளைக்கே கண்ணாடி கழன்றுவிடும், அந்த இடத்தில் மறுபடி ஸ்டிக்கர் ஏறும். நான் ஷரோனைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை. குனிந்து படித்தாள்.

“கம்பெனி இல்ல அங்கிள். இது என் தாத்தா பேரு. லாசர்.”

எல்லாத் தலையும் நாட்டாமை பக்கம் திரும்பியது.

நாட்டாமை ஒரு நொடி விழித்தார். பிறகு கடகடவென்று சிரித்தார்.

“தாத்தா பேராம்! பாவம், வெளிநாட்டுல வளந்த புள்ள, தமிழு சரியா வரல.”

பெரிய தெரு சிரித்தது. காலனியும் சிரித்தது. என் பக்கத்தில் அம்மாவின் பிடி தளர்ந்தது. நல்ல மனுஷர், அதோடு விட்டிருக்கலாம். குழந்தைக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தே தீர வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

“இங்க பாரு பாப்பா. இதப் படி பாப்போம். எழுத்துக் கூட்டிப் படி.” தன் பெயருக்கு மேலே விரலை வைத்தார்.

ஷரோன் ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். “உ... ப... யம். பெரிய... தெரு... நாட்... டாமை... மரிய... சூசை.” படித்துவிட்டு நிமிர்ந்தாள். மேலே ஊதாப் பட்டு உடுத்தி, மேஜையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். பிறகு நாட்டாமையைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் வேதபாடம் ஒழுங்காகப் படித்தவள்தான்.

“ஓ!” என்றாள். “அப்ப இந்தக் கதையில வர்ற பணக்காரர் நீங்கதானா?”

நாட்டாமைக்கு வெட்கம் வந்துவிட்டது. முகம் மலர்ந்து, தலையைக் குனிந்து, மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“ஏதோ, ஆண்டவரு குடுத்தாரு பாப்பா.”

கோபுரத்துக் குழாய் ஒலிபெருக்கிகளில் ஒன்றை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கட்டியிருந்தார்கள். தேர் வராத எங்கள் தெருவின் கடைசி வீடு வரைக்கும் அந்தப் பதில் தெளிவாகக் கேட்டதாம்.